வலிப்பு, மாத்திரை, கல்யாணப் பேச்சு

அன்புள்ள ஐயா,

மூளை, மனம் சார்ந்த நோய்கள் சமூகத்துக்குப் பெரிய சுமை என்று எழுதியிருந்தீர்கள். என் தங்கைக்கு 24 வயது. ஆறு வருடமாக வலிப்பு நோய், வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். எட்டு மாதமாக ஒரு தடவைகூட வரவில்லை. மாத்திரைச் செலவு மாதம் சில நூறு ரூபாய்தான். இதில் என்ன பெரிய சுமை? இப்போது வரன் பார்க்கிறோம். மாத்திரையை நிறுத்திவிடலாம், மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விட வேண்டாம் என்கிறார் அம்மா. சரியா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

அம்மா சொல்கிற அந்த இரண்டு காரியங்களில்தான் சுமையே ஏறுகிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் நூற்றில் 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை நாடுகளிலோ நாலில் மூன்று பேருக்கு அந்த மருந்து போய்ச் சேர்வதில்லை. அடுப்படியில் விழுந்து தீக்காயம், பாதியில் நின்ற படிப்பு, வேலையை விட்டுவிட்டுக் காவல் இருக்கும் தாய் என்று கணக்கு கூடுவது அப்படித்தான்.

எட்டு மாதம் வரவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பொதுவாகக் குறைந்தது இரண்டு வருடம் வலிப்பில்லாமல் இருந்தால்தான் நிறுத்துவதைப் பற்றி டாக்டர் யோசிப்பார். அப்போதும் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். பட்டென்று நிறுத்தினால் ஒன்று அடங்குமுன் அடுத்தது என்று வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதிலும் கல்யாண வீட்டில் ராத்தூக்கம் கெடும். அதுவே வலிப்பைத் தூண்டிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் அவசரம். வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. முதுகுத்தண்டுப் பாதிப்பு கரு உருவான முதல் நாலு வாரத்திலேயே, நாள் தள்ளிப்போனதைக் கவனிக்குமுன்பே நடந்துவிடும். லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற மருந்துக்கு மாறலாமா என்று நரம்பியல் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். புதியதை ஏற்றிக்கொண்டே பழையதை இறக்க வேண்டும். லாமோட்ரிஜினை வேகமாக ஏற்றினால் தோலில் கடுமையான தடிப்பு வரலாம். வால்ப்ரோயேட்டும் கூட இருக்கும்போது இன்னும் மெதுவாகப் போக வேண்டும். மாதங்கள் பிடிக்கிற வேலை. ஃபோலிக் அமில மாத்திரையும் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். இதைப் படித்துவிட்டு நீங்களாக வால்ப்ரோயேட்டை நிறுத்திவிடாதீர்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் முன்பு வலிப்பு நோய் ஒரு தடையாக இருந்தது. 1999 திருத்தத்தில் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். ஆனால் மறைத்துக் கட்டிவைத்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். அது இருக்கட்டும். புகுந்த வீட்டில் உங்கள் தங்கை மாத்திரை அட்டையைப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்து, யாரும் பார்க்காத நேரம் பார்த்து விழுங்க வேண்டும். ஒரு வேளை தவறும், மறுநாளும் தவறும், வலிப்பு திரும்பி வரும்.

விஷயம் தெரிந்த கணவன் என்றால் அந்த நேரத்தில் சாவிக்கொத்தைத் தேடி ஓடமாட்டான். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும். கையில் இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கும். தலைக்கடியில் மடித்த துண்டு வைத்து, எச்சில் வெளியே வடியும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். வாயில் கரண்டியோ துணியோ திணித்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். கைகாலை அமுக்கிப் பிடிக்கக்கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், பதற்றத்தில் அரை நிமிடம்கூட அரைமணியாகத் தெரியும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108.

உங்கள் கடிதத்தில் அம்மா பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். தங்கை என்ன சொல்கிறாள்? அவளிடம் கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிறுத்தலாமா என்ற கேள்வியை அவரே நேரில் கேட்கட்டும்.