முன் ஃபோர்க்கை வீட்டிலேயே பிரிக்கலாமா? கேள்வி பதில்

பைக்கின் முன் ஃபோர்க்கைத் தாங்களே கழற்றி ஆயில் சீல் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்ற விரும்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைப் பற்றித்தான் பேச்சு: மேலே குரோம் பைப், கீழே அலுமினிய பாட்டம் கேஸ், உள்ளே ஸ்பிரிங், ஃபோர்க்கின் துள்ளலை அடக்கும் டாம்பர் ராடு, ஆயில்.

அண்ணா, ஒரு பக்கப் பைப்பில் எண்ணெய் வளையம் தெரிகிறது. சீல் போய்விட்டதா?

போயிருக்கலாம், ஆனால் முதலில் அழுக்கைச் சந்தேகப்படுங்கள். ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை மெதுவாக நெம்பி மேலே தள்ளுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை, பழைய கேமரா ஃபிலிம் மாதிரி, ஆயில் சீலின் உதட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் விட்டுச் சுற்றி இழுங்கள். சிக்கியிருந்த மண் வெளியே வந்து ஒழுகல் நின்றுவிடுவது உண்டு.

நிற்கவில்லையா? அப்போதும் சீலை வாங்க ஓடாதீர்கள். குரோம் பைப்பில், சீல் ஏறி இறங்கும் பகுதி முழுவதும் நகத்தால் மேலிருந்து கீழ் தடவிப் பாருங்கள். நகம் தட்டுகிற இடத்தில் துருக்குழியோ கல் பட்ட வடுவோ இருக்கும். அந்த விளிம்பு புதுச் சீலையும் அறுத்துவிடும். "சீல் மாற்றியும் ஒழுகுகிறது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பைப்பைப் பார்த்தீர்களா என்றுதான். விளிம்பு லேசாகத் தூக்கி நின்றால், 1500 அல்லது 2000 நம்பர் எமரி பேப்பரில் எண்ணெய் தொட்டு, அந்த இடத்தை மட்டும் பைப்பைச் சுற்றிய வாக்கில் தேயுங்கள். ஆழமான குழி என்றால் பைப்பை மாற்றவோ மறுபடி குரோம் பூசவோ வேண்டும்.

எண்ணெய் பிரேக்கில் இறங்கியிருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைக்கலாம். ஊறிப்போன பிரேக் பேடுகளை மாற்றத்தான் வேண்டும்.

சைடு ஸ்டாண்டில் வைத்து வேலை செய்யலாமா?

கூடாது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கால் தாங்குங்கள். சக்கரத்தைக் கழற்றும் முன் வண்டியை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ஆடினால் இன்னும் தாங்கு கொடுங்கள்.

எதை முதலில் தளர்த்துவது? வரிசை முக்கியமா?

மிகவும் முக்கியம். பாதிச் சிரமம் வரிசை தவறுவதால்தான் வருகிறது. பைப்பை வண்டியோடு பிடித்து வைப்பவை மேல், கீழ் கிளாம்புகள். ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துங்கள். பிறகு ஃபோர்க்கின் மேல்மூடியைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். மேல் கிளாம்ப் இறுக்கமாக இருந்தால் அது மூடியின் மரையையும் சேர்த்துப் பிடிக்கும். ஃபோர்க்கை வெளியே எடுத்துவிட்டாலோ பைப்பைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது.

அடுத்து காலிப்பர், அதாவது பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பிரேக் பாகம். அதைக் கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பேடுகளுக்கு நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகினால், யாராவது பிரேக் லிவரைப் பிடித்தாலும் பிஸ்டன் வெளியே வராது. சக்கரமும் மட்கார்டும் கழன்றதும், பாட்டம் கேஸின் அடியில் உள்ள ஆலன் போல்ட்டின் பிடியை விடுவியுங்கள். விடுவித்தால் போதும், கழற்ற வேண்டாம்.

கீழ் கிளாம்பைத் தளர்த்தும் முன், பைப் மேல் கிளாம்புக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் நீட்டியிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அதே அளவில்தான் திரும்ப ஏற வேண்டும்.

ஃபோர்க்கை வெளியே எடுத்தபின், கடைசியாக மூடி. அதற்கு அடியில் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. முகத்தை விலக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி கடைசி மரைகளைத் திருகுங்கள். எனக்கு முதல் முறை அந்த மூடி தாடையை உரசிக்கொண்டு பறந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடி போல்ட் சும்மா சுற்றுகிறது, கழல மாட்டேன் என்கிறது.

உள்ளே டாம்பர் ராடும் சேர்ந்து சுற்றுகிறது. ஸ்பிரிங்கையும் மூடியையும் திரும்பப் போட்டு, ஃபோர்க்கை நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு முயலுங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் ராடைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் அமுக்க, இன்னொருவர் திருகுவது வசதி. இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் ஒரு நொடி போதும். திரும்பப் பூட்டும்போது அந்தப் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போடுங்கள்.

சீல் இறக்க ஸ்பெஷல் டூல் வேண்டுமா?

பைப்பில் தாராளமாக நுழையும் பிவிசி குழாய் போதும், அதன் விளிம்பு நேராக இருக்க வேண்டும். பைப்பின் மேல்முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி எண்ணெய் தடவிச் சீலை அதன் வழியாக நுழைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முனை உதட்டைக் கிழித்துவிடும். எழுத்து உள்ள பக்கம் பெரும்பாலும் மேலே வரும். பழைய சீலை அதன்மேல் வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். சீல் உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறும். சீலைப் பிடித்து நிறுத்தும் கிளிப் உட்காரும் பள்ளம் முழு வட்டமாகத் தெரிந்தால் சரி.

ஆயிலை அளந்துதான் ஊற்றினேன். ஆனாலும் இரண்டு பக்கமும் மட்டம் வேறாக இருக்கிறதே?

உள்ளே ஒட்டியிருந்த பழைய ஆயில் கணக்கைக் கெடுத்திருக்கும், அல்லது காற்று சிக்கியிருக்கும். ஸ்பிரிங் போடாமல் பைப்பைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் இழுத்துக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி நேராக நிறுத்தி, பைப்பின் மேல்விளிம்பிலிருந்து ஆயில் வரை அளவுகோலால் அளந்து மேனுவலில் உள்ள மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். நான் எப்போதும் மட்டத்தைத்தான் நம்புவேன். ஆயிலுக்கு மேலே உள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து, பள்ளத்தில் இறங்கும்போது ஃபோர்க் கல்லாகிவிடும், சீலுக்கும் கேடு.

இன்ஜின் ஆயில் ஊற்றலாமா சார்?

வேண்டாம். மேனுவல் சொல்லும் ஃபோர்க் ஆயிலையே ஊற்றுங்கள்.

அப்சைட் டவுன் ஃபோர்க்குக்கும் இதே முறையா?

இல்லை. அதில் பைப் கீழேயும் கேஸ் மேலேயும் இருக்கும். பலவற்றில் உள்ளே டாம்பர் ராடுக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் என்ற மூடிய டாம்பர் இருக்கும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவியும் தேவை. முதல் முறை பிரிப்பவர் அதில் கை வைக்க வேண்டாம்.

எல்லாம் மாட்டிவிட்டேன், ஆனால் ஃபோர்க் இறுக்கமாக ஏறி இறங்குகிறது.

சக்கரத்தின் ஆக்ஸிலை ஃபோர்க்கின் அடியில் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை முன்னதாகவே இறுக்கியிருப்பீர்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் இணையாக நிற்காமல் ஒன்றையொன்று இழுக்கின்றன. பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, ஆக்ஸில் நட்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து முறை ஹேண்டில்பாரை அமுக்கி விட்டு, அப்புறம் பிஞ்ச் போல்ட்டை இறுக்குங்கள். காலிப்பரைக் கழற்றி மாட்டியிருப்பதால், ஓட்டக் கிளம்பும் முன் பிரேக் லிவர் கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள். முதல் பிடியில் பிரேக் பிடிக்காமல் போகலாம்.