கேள்வி பதில்: டோனி அயோமியோட ரெண்டு விரல்

பிளாக் சபாத்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி அயோமியோட ஆரம்ப காலத்த பத்தி ரசிகர்கள் அனுப்புனது நிறைய சேர்ந்துருச்சு, பாதி கேள்வி, பாதி சண்டை. இந்த இதழ் முழுக்க அவர்தான்.

கேள்வி: அயோமிக்கு விரல் நுனி போனதாலதான் ஹெவி மெட்டல்ங்கற கனமான ராக் இசையே பொறந்துச்சுன்னு நண்பர் ஒருத்தர் அடிச்சு சொல்றார். நான் அது கட்டுக்கதைங்கறேன். யார் சொல்றது சரி?

பதில்: விபத்து நெஜம். 1965, அயோமிக்கு 17 வயசு, பர்மிங்ஹாம்ல ஒரு ஷீட் மெட்டல் ஃபேக்டரில வேலை. ஒரு பேண்டோட ஜெர்மனி டூர் போறதுக்காக வேலைய விட்டுட்டார், அன்னிக்குதான் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனிமே போகலம்மான்னு சொல்ல, அம்மா விடல, ஒழுங்கா போய் முடிச்சுட்டு வாடான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பிரஸ் மெஷின்ல வழக்கமா வேலை பாக்கறவங்க அன்னிக்கு வரல, அந்த மெஷின் பழக்கமே இல்லாத இவரை கொண்டுபோய் அங்க நிறுத்துனாங்க. மெஷின் கை மேல இறங்கிருச்சு, பதறிப்போய் வெடுக்குனு கைய இழுத்தார், நடுவிரல் மோதிரவிரல் ரெண்டோட நுனியும் அதோட போச்சு.

ஆனா அங்கேருந்து நேரா ஹெவி மெட்டலுக்கு தாவுறாரே உங்க நண்பர், அதுதான் எனக்கு ஒத்துக்க முடியல. ஃபேக்டரில விரல் போன தொழிலாளிங்க எத்தனையோ பேர், அவங்கள்லாம் புதுசா ஒரு இசைய உண்டாக்கல. மெஷின் அயோமிக்கு குடுத்தது தலைவலி மட்டும்தான். அதுக்கு அவர் ஒவ்வொண்ணா தேடிப்பிடிச்ச வைத்தியம்தான் கொஞ்சம் கொஞ்சமா சவுண்டா மாறுச்சு, அதுக்கும் ஆறு வருஷம் ஆச்சு. கட்டுக்கதைன்னு சொன்ன உங்களுக்கும் முழு மார்க் கிடையாது!

கேள்வி: கிட்டார விட்டுடாம இருக்க அவருக்கு தைரியம் குடுத்தது யாரு?

பதில்: அதே ஃபேக்டரியோட மேனேஜர். டாக்டருங்க கிட்டார மறந்துடுன்னு கைய விரிச்சுட்டாங்க, பையன் வீட்ல இடிஞ்சுபோய் உக்காந்திருக்கான், மேனேஜர் ஒரு ரெக்கார்டோட வந்து இத கேளுன்னார். கேக்குற மனநிலையே இல்லாம வேண்டா வெறுப்பா கேட்டு, நல்லா வாசிக்கிறாருன்னு சொன்னப்புறம்தான் விஷயத்த உடைச்சார், இவர் ரெண்டு விரலாலதான் இத வாசிக்கிறாருன்னு. அது ஜாங்கோ ரைன்ஹார்ட், ஜிப்சி ஜாஸ் மேதை, 1928ல அவரோட கேரவன் தீப்பிடிச்சதுல இடது கைல மோதிரவிரலும் சுண்டுவிரலும் சரியா வேலை செய்யாம போனவர். அந்த மேனேஜர் அன்னிக்கு ஆறுதல் மட்டும் சொல்லிட்டு போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

கேள்வி: அடிபட்டது வலது கைதானே, அப்புறம் ஏன் இவ்ளோ பெரிய கஷ்டம்?

பதில்: அவர் இடது கைக்காரர். இடது கையால மீட்டி, வலது கையால கிட்டார் கழுத்துல இருக்கிற ஃப்ரெட்ல கம்பிய அழுத்தறவர். திருப்பி மாத்தி கத்துக்கலாமான்னு யோசிச்சிருக்கார், ஆனா அதுக்குள்ள சில வருஷம் வாசிச்சு கை பழகிருச்சு. பேசாம மாத்தியிருக்கலாமோன்னு பிற்பாடு அவரே பேட்டில சொல்லியிருக்கார்.

கேள்வி: பிளாஸ்டிக் விரல் செஞ்சு மாட்டிக்கிட்டார்னு சொல்றாங்களே, அது எப்படி?

பதில்: முழு விரல் இல்ல, நுனிக்கு மட்டும் தொப்பி மாதிரி. ஃபேரி லிக்விட்னு பாத்திரம் கழுவுற சோப்பு பாட்டில், அத உருக்கி உருண்டையாக்கி, ஆறுனப்புறம் சூடு வச்சு ஓட்டை போட்டு, விரல் உள்ள போற அளவுக்கு கொண்டுவந்து, ராவி ராவி சரி பண்ணார். மாட்டி வாசிச்சா பிளாஸ்டிக் கம்பி மேல வழுக்குது. அதுக்கு மேல பழைய லெதர் ஜாக்கெட்லேருந்து துண்டு வெட்டி ஒட்டுனார். லெதர் தடிமனா இருந்தா கம்பி எங்க இருக்குன்னே தெரியாது, மெலிசா இருந்தா வலி உயிர் போகும். அது சரியானாலும் தொடு உணர்ச்சி வராது இல்லையா, கையுறை போட்டுக்கிட்டு ஊசில நூல் கோக்கிற கதைதான், எவ்ளோ அழுத்தறோம்னு காதாலதான் கண்டுபிடிக்கணும்.

அடுத்த பிரச்சனை கம்பி. அப்ப வந்த கிட்டார் கம்பி செட்டெல்லாம் தடிமன், அடிபட்ட விரலால அத வளைக்க முடியாது. மெல்லிசு செட் கடைல கிடைக்கல, அதனால பாஞ்சோ கம்பி வாங்கி மேல ரெண்டு இடத்துல போட்டுட்டு, மத்த கம்பிய ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டுனார். கம்பெனிங்ககிட்ட போய் லைட் கேஜ், அதாவது மெல்லிசு கம்பி செட் செஞ்சு குடுங்கன்னு கேட்டா, எவன் வாங்குவான்னாங்களாம். கடைசில வேல்ஸ்ல இருக்கிற பிகாட்டோ கம்பெனி செஞ்சு குடுத்துச்சு. இன்னிக்கு எந்த கடைல வேணும்னாலும் லைட் கேஜ் தொங்குது!

கேள்வி: விரல் வலிக்குதுன்னுதான் கிட்டார் கம்பிய தளர்த்தி சுருதிய இறக்கி லோ டியூன் பண்ணார், அதனாலதான் முதல் ஆல்பமே அவ்ளோ ஹெவியா இருக்கு. கரெக்டா?

பதில்: ரசிகர்கள் எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான். முதல் ரெண்டு ஆல்பமும் எல்லாரும் வைக்கிற சாதா ஈ டியூனிங். மூணு செமிடோன் (அரை ஸ்வரம்) இறக்கி சி ஷார்ப்புக்கு போனது 1971ல வந்த மூணாவது ஆல்பம், மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டிலதான், அதுலயும் எல்லா பாட்டும் இல்ல. கம்பி தளர்ந்தா விரலுக்கு சுலபம்ங்கறது வாஸ்தவம்தான், ஆனா 1970ல மக்கள பயமுறுத்துன சவுண்டுக்கு டியூனிங் காரணமே இல்ல. ரெண்டு விரலால புடிக்கிற பவர் கார்ட் (ரெண்டே ஸ்வரம் சேர்ந்த கார்ட்), ஒரு நோட்டுக்கும் அடுத்த நோட்டுக்கும் நடுவுல விட்ட இடைவெளி, லேனி கம்பெனி ஆம்ப்ளிஃபையர், அதுக்கு முன்னாடி மேல் ஸ்தாயி ஒலிய தூக்கி குடுக்கிற ஒரு ட்ரெபிள் பூஸ்டர், கூடவே அதே பேண்டுல இருந்த கீசர் பட்லரோட பேஸ் கிட்டார், இதெல்லாம் சேர்ந்த கணக்கு அது. கீசர மறந்துட்டு அயோமிய மட்டும் புகழ்றவங்க மேல எனக்கு கொஞ்சம் கோவம் உண்டு.

கேள்வி: அயோமியும் பிளாக் சபாத் பாடகர் ஆஸி ஆஸ்போர்னும் ஒரே ஸ்கூலா?

பதில்: ஆமா, பர்ச்ஃபீல்ட் ரோடு ஸ்கூல், ஆஸி ஒரு வகுப்பு கீழ. பெருசா சிநேகம் எல்லாம் இல்ல. 1968ல மித்தாலஜிங்கற பேண்டு கலைஞ்சு அயோமியும் டிரம்மர் பில் வார்டும் ஊருக்கு திரும்பி பாடகர் தேடுறப்ப, ஒரு கடைல ‘ஆஸி ஜிக்’னு ஒருத்தர் போட்ட விளம்பரம் கண்ணுல பட்டுச்சு, சொந்தமா பி.ஏ. சிஸ்டம் (மைக், ஸ்பீக்கர் செட்) வேற இருக்காம். எனக்கு தெரிஞ்ச ஆஸியா இருந்தா அவனுக்கு பாட வராதேன்னாராம் அயோமி. போய் கதவ தட்டுனா அவனேதான்.

கேள்வி: நடுவுல ஜெத்ரோ டல்ங்கற இன்னொரு பேண்டுக்கு ஓடிட்டாரே, துரோகம் இல்லையா?

பதில்: துரோகம்லாம் பெரிய வார்த்தை. 1968 டிசம்பர்ல சில வாரம், ரோலிங் ஸ்டோன்ஸோட சர்க்கஸ் நிகழ்ச்சில அவங்களோட நின்னார், அதுலயும் கிட்டார் சும்மா பாவனைதான். பிடிக்கல, திரும்பிட்டார். ஆனா ஒண்ணு கத்துக்கிட்டு வந்தார், ஜெத்ரோ டல் ஆளுங்க காலைல 9 மணிக்கு ரிகர்சல் ஆரம்பிச்சுடுவாங்க. திரும்பி வந்து நம்ம பசங்களையும் காலைல எழுப்பி உக்கார வச்சார், ஆஸியையும் சேர்த்து!

கேள்வி: முதல் ஆல்பத்த ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ணாங்களா?

பதில்: ஆமா, 1969 அக்டோபர், லண்டன் ரீஜெண்ட் சவுண்ட் ஸ்டூடியோ. ஒரு பாட்டு முடிஞ்சதும் அவரோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்ல பிக்கப் (கம்பியோட அதிர்வ பிடிக்கிற பாகம்) செத்துப்போச்சு, கைல இருந்த கிப்ஸன் எஸ்.ஜி. கிட்டார எடுத்தார், அதோட காலம் பூரா அவர் எஸ்.ஜி. ஆளுதான். ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்து, பிரிட்டன்ல 8வது இடம் வரைக்கும் போச்சு.

கேள்வி: அயோமி பெரியவரா, லெட் செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் பெரியவரா?

பதில்: என் வீட்ல இந்த கேள்விக்கு தடை.

கேள்வி: அயோமி சவுண்டு வரணும்னு நானும் சி ஷார்ப்புக்கு இறக்குனேன், கம்பி லொடலொடன்னு ஆடுது, சேறு மாதிரி கேக்குது. என்ன தப்பு?

பதில்: முதல்ல பழையபடி ஈ டியூனிங்குக்கு ஏத்துங்க, சவுண்ட கரகரப்பாக்கற டிஸ்டார்ஷனையும் பாதியா குறைங்க. பேண்டு பேர்லயே இருக்கிற அந்த முதல் பாட்ட எடுத்துக்குங்க, மூணே நோட்டு, ஜி, ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேல இன்னொரு ஜி, அங்கேருந்து சி ஷார்ப். வேகம் வேணாம், ஒவ்வொரு நோட்டும் நல்லா நீள விடுங்க, கடைசி நோட்டுல மட்டும் விரல் நடுங்கற மாதிரி ட்ரில் போடுங்க. அது ஹெவியா கேக்க ஆரம்பிச்சப்புறம் டியூனிங் பத்தி எழுதுங்க, பேசுவோம்.