சக்கரத்தில் 98, விளம்பரத்தில் 120: கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் 14 லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். டர்போ இல்லாத எஞ்சின், மேனுவல் கியர், முன்சக்கர இயக்கம். பவர் 120 பி.எஸ். என்று விளம்பரம். பிக்கப் போதவில்லை என்று தோன்றியதால் ஒரு டியூனிங் கடையில், சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் ரோலரில் ஏற்றிப் பார்த்தேன். 98 பி.எச்.பி.தான் வந்தது. எஞ்சினை ரீமேப் செய்தால், அதாவது அதன் கணினி மென்பொருளை மாற்றினால், சரியாகும் என்கிறார் கடைக்காரர். 22 குதிரைத்திறனைக் காணோம் என்று நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: போகலாம். ஆனால் கையில் இருக்கும் அந்த ஒரு ரோலர் சோதனைத் தாளை மட்டும் நம்பிப் போனால் தோற்பீர்கள்.

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். பி.எஸ்.சும் பி.எச்.பி.யும் குதிரைத்திறன் அளவுகள்தான், ஆனால் ஒன்றல்ல. 120 பி.எஸ். என்பது சுமார் 118 பி.எச்.பி. ஆக, இடைவெளி 22 இல்லை, 20. அதிலும் விளம்பரத்தில் சொன்னது எஞ்சினின் வாசலில் கிடைக்கும் பவர். எஞ்சினைத் தனியாகச் சோதனை மேடையில் ஏற்றி அளந்தது. நீங்கள் அளந்தது, அதே பவர் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்சில், டயர் எல்லாவற்றுக்கும் பங்கு கொடுத்துவிட்டு ரோலரில் வந்து சேர்ந்த மிச்சம். உங்களுடையதைப் போன்ற வண்டிகளில் 10 முதல் 15 சதவீதம் வழியில் போய்விடும் என்பது பட்டறைகளில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 15 என்று வைத்தால், சக்கரத்தில் 100க்குச் சற்று மேல் வரவேண்டும். இப்போது காணாமல் போனது இரண்டரைக் குதிரைதான்!

அதையும் உங்கள் தாளே தின்றுவிடுகிறது. நீங்கள் அனுப்பிய படத்தில், வரைபடத்தின் கீழ் மூலையில் 'அன்கரெக்டட்' (வெப்பம், காற்றழுத்தத்துக்காகத் திருத்தாத எண்) என்றும், அறை வெப்பம் 36 டிகிரி என்றும் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சூடான காற்று என்றால் பவர் குறையும். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் காற்றழுத்தமும் குறைவு. தர அளவீட்டில் 25 டிகிரி போன்ற நிலைக்குத் திருத்திக் கணக்கிடுவார்கள். அதைப் போட்டாலே சில குதிரைகள் திரும்பி வந்துவிடும்.

சரி, அந்த 15 சதவீதம் எங்கிருந்து வந்தது? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் கேட்பார். இழப்பில் ஒரு பகுதி பவர் கூடினாலும் பெரிதாக மாறாது: கியர் ஆயிலைக் கலக்குவது, பேரிங், சீல் உராய்வு. இன்னொரு பகுதி, கியர்களின் பல்லும் பல்லும் உரசுவது, சுமையோடு கூடும். அதனால் எல்லா வண்டிக்கும் ஒரே சதவீதம் என்று எதுவும் கிடையாது. ஓட்டம் முடிந்ததும் கிளட்சை மிதித்து, ரோலர் தானாக எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று பார்த்து இழப்பைக் கணிக்கும் வழியும் உண்டு. அப்போது பற்களின் மேல் சுமை இல்லையே, அதனால் அது கொஞ்சம் குறைத்தே காட்டும். டயர் காற்றும், வண்டியைக் கட்டிய பெல்ட்டின் இறுக்கமும்கூட எண்ணை மாற்றும்.

எனவே பின்னோக்கிக் கணக்குப் போடுவதை விடுங்கள். அதே மாடல், அதே வருட வண்டி வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். ஒரே நாளில், ஒரே ரோலரில், ஒரே கியரில், ஒரே டயர் காற்றில் இரண்டையும் ஓட்டுங்கள். அவருடையது 99 என்றால் உங்களுக்கு வழக்கே இல்லை. 108 என்றால் உங்கள் வண்டியில் கோளாறு இருக்கிறது; வழக்குக்கும் உயிர் வந்துவிட்டது.

விளம்பர எண்ணே பொய்யாக இருக்க வாய்ப்பில்லையா? உண்டு. 1999இல் அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவை 320 குதிரை என்று விற்றார்கள். வாங்கியவர்கள் ரோலரில் ஏற்றியபோது எண் மிகவும் குறைய, கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. அங்கே ஒரு வண்டி இல்லை, பல வண்டிகள் ஒரே கதையைச் சொல்லின.

அப்புறம் நடைமுறை. முதலில் சர்வீஸ் சென்டர் போங்கள். வண்டியை விடும்போது குறைகளை எழுதித் தரும் ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். 'பவர் குறைவு' என்றே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். தீராவிட்டால் நோட்டீஸ், பிறகு புகார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே (நுகர்வோர் நீதிமன்றம் என்பது இதுதான்) தாக்கல் செய்யலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய், கால வரம்பு இரண்டு வருடம். சோதித்தால்தான் தெரியும் என்ற குறையானால், 38(2)(சி) பிரிவின்படி ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்த அறிக்கைக்கு இருக்கும் மதிப்பு டியூனிங் கடைத் தாளுக்குக் கிடையாது.

ரீமேப் மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம். செய்த மறுநாளே, கோளாறு கம்பெனியுடையதா கடைக்காரருடையதா என்று யாராலும் சொல்ல முடியாது; வாரண்டியையும் மறுப்பார்கள். அனுமதியில்லாத மாற்றம் என்று வந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)இல் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. இத்தனைக்கும், குறை சொன்னவரும் கடைக்காரரே, மருந்து விற்பவரும் அவரே!

அவரிடம் வாங்க வேண்டியது வேறு: அன்றைய ஓட்டத்தின் மூலக் கோப்பு, கூடவே பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணச் சான்று. நண்பரின் வண்டியை ஓட்டும் நாளிலும் இதே இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.