நாள்பட்ட மனச்சிதைவு இருப்பவர் இனி தேறவே மாட்டாரா?

அண்ணனுக்குப் பதினைந்து வருடமாக ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு, இனி இப்படியேதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி முடிவுகட்ட வேண்டாம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மனநல மருத்துவமனையில் வருடக்கணக்காக வார்டிலேயே கிடந்த 269 பேருக்கு 1950களில் மறுவாழ்வுத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். வெளியே தங்க இடம், வேலை, போனபின்னும் விசாரிக்க ஆள். அவர்கள் வெளியே போய் இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து ஆய்வாளர் கர்ட்னி ஹார்டிங்கின் குழு அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தது. 1987இல் வெளியான முடிவு: பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கணிசமாகத் தேறியோ, முழுதாக மீண்டோ இருந்தார்கள். அத்தகைய திட்டம் இல்லாத மெயின் மாநிலத்தில் இவ்வளவு முன்னேற்றம் இல்லை. எனக்கு இந்த ஒப்பீடுதான் முக்கியமாகப் படுகிறது.

காதில் குரல் கேட்பது பலருக்கு மாத்திரையில் அடங்கிவிடும். அப்புறமும் குளிக்காமல், பேசாமல், காபி ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டார் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள், இதுவும் நோய்தான். இதற்கு மாத்திரை அவ்வளவாக உதவாது, தினமும் செய்ய ஒரு சின்ன வேலை இருந்தால் உதவும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். இரண்டு மருந்து முறையாகக் கொடுத்தும் கேட்கவில்லையென்றால் க்ளோசபின் என்ற மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு ரத்தப் பரிசோதனை தொடர்ந்து செய்ய வேண்டும்.

பலர் கவனிக்காதது உடம்பை. இவர்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே இறக்கிறார்கள், பெரும்பாலும் மாரடைப்பு போன்ற உடல்நோய்களால். சிகரெட்டும் ஒரு காரணம், சில மாத்திரைகளால் ஏறும் எடையும் ஒரு காரணம். சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.