ஆய்வறிக்கையிலும் மருந்துக் குப்பியிலும் வரும் மில்லி, மைக்ரோ, டெசி அலகுகளை மாற்றுவது எப்படி?

கேள்வி: ஐயா, எங்கள் கிணற்று நீரின் மின் கடத்துதிறன் சென்ற ஆண்டு ஓர் ஆய்வகத்தில் 1,850 மைக்ரோ சீமென்ஸ்/செ.மீ. என்றும், இந்த ஆண்டு வேறோர் ஆய்வகத்தில் 1.9 டெசி சீமென்ஸ்/மீ. என்றும் வந்துள்ளது. நீரில் உப்பு குறைந்துவிட்டதா? மண்ணில் துத்தநாகம் 0.48 பி.பி.எம். என்றிருக்கிறது, இது ஹெக்டேருக்கு எத்தனை கிலோ? பயிர் வளர்ச்சி ஊக்கியான ஜிப்ரலிக் அமிலத்தை 50 பி.பி.எம். அளவில் தெளிக்க, 15 லிட்டர் தெளிப்பானுக்கு எவ்வளவு கலக்க வேண்டும்? 240 கிலோ எடையுள்ள கிடேரிக்குக் குடற்புழு நீக்க ஐவர்மெக்டின் ஊசி, எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வீதம் போட வேண்டுமாம். மருந்து 1 சதவீதம். எனக்கு 48 மி.லி. என்று கணக்கு வருகிறது. சரிதானா?

பதில்: அன்புள்ள விவசாயி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 48 மி.லி. என்பது தவறு, சரியான அளவு 4.8 மி.லி. நீங்கள் கணக்கிட்ட அளவைப் போட்டிருந்தால் பரிந்துரையைப் போலப் பத்து மடங்கு மருந்து கிடேரியின் உடலில் ஏறியிருக்கும். ஊசி போடும் முன்பே கேட்டது மிகவும் நல்லது.

தவறு எங்கே நேர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். 240 கிலோவை 200 மைக்ரோகிராமால் பெருக்கினால் 48,000 மைக்ரோகிராம் வருகிறது. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தது ஒரு மில்லிகிராம் என்பதால் இது 48 மில்லிகிராம். இதுவரை உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் 48 மில்லிகிராம் என்பது மருந்துப் பொருளின் எடை. ஊசிக்குழலில் நீங்கள் ஏற்றப்போவதோ அந்தப் பொருள் கரைந்திருக்கும் திரவத்தின் கொள்ளளவு. இடையில் மருந்தின் செறிவு என்ற ஒரு படி இருக்கிறது. 1 சதவீதம் என்றால் 100 மி.லி. திரவத்தில் 1 கிராம், அதாவது 1,000 மில்லிகிராம் மருந்து. ஆகவே ஒரு மி.லி.யில் 10 மில்லிகிராம். 48ஐ 10ஆல் வகுத்தால் 4.8 மி.லி. இந்த மருந்துக் குப்பிகளில் "50 கிலோ எடைக்கு 1 மி.லி." என்று பொதுவாக அச்சிட்டிருப்பார்கள். 240ஐ 50ஆல் வகுத்தாலும் அதே 4.8 வருகிறது. இப்படி இரண்டு வழிகளில் போட்டுப் பார்த்து இரண்டும் ஒன்றானால் மட்டுமே ஊசியைக் கையிலெடுக்க வேண்டும். கிடேரியின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டிருந்தால் அதையும் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். பால் கறக்கும் மாட்டுக்கு இம்மருந்தை அவரைக் கேட்காமல் போடவே கூடாது, ஏனெனில் இது பாலிலும் வெளியேறும்.

மற்ற மூன்று கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ரிக் முறையில் அலகின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் சொல், அந்த அலகை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் அல்லது எத்தனை பங்காக வகுக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. கிலோ என்றால் ஆயிரம் மடங்கு, மெகா என்றால் பத்து லட்சம் மடங்கு. கீழ்நோக்கி வந்தால் மில்லி ஆயிரத்தில் ஒரு பங்கு, மைக்ரோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு, நானோ 100 கோடியில் ஒரு பங்கு. முன்னொட்டு இல்லாத அடிப்படை அலகையும் நடுவில் சேர்த்துக்கொண்டால், இவை ஒவ்வொன்றுக்கும் இடையே ஆயிரம் மடங்கு, அதாவது மூன்று தசம இடங்கள். கிலோவுக்கும் மில்லிக்கும் நடுவில் மட்டும் ஹெக்டோ நூறு, டெகா பத்து, டெசி பத்தில் ஒன்று, சென்டி நூறில் ஒன்று என்று நெருக்கமான படிகள் உண்டு. தசமப் புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்ற குழப்பம் வந்தால், அலகு சிறியதாக ஆனால் எண் பெரியதாக ஆக வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு மூட்டை நெல்லைப் படியால் அளந்தால் எண் கூடும், மூட்டையால் அளந்தால் எண் குறையும். நெல் அதே நெல்தான்.

இனி உங்கள் கிணற்று நீர். நீரில் கரைந்த உப்பு கூடினால் மின் கடத்துதிறனும் கூடும்; அதை அளக்கும் அலகுதான் சீமென்ஸ். உப்பு குறையவில்லை, இரண்டு அறிக்கைகளும் ஏறக்குறைய ஒரே அளவையே சொல்கின்றன. 1,850 மைக்ரோ சீமென்ஸ்/செ.மீ. என்பது 1.85 டெசி சீமென்ஸ்/மீ. இந்த மாற்றம் பலரைக் குழப்புவதற்குக் காரணம், இங்கே முன்னொட்டு இரண்டு இடங்களில் மாறுகிறது என்பதுதான். மேலே மைக்ரோ போய் டெசி வருகிறது, கீழே சென்டிமீட்டர் போய் மீட்டர் வருகிறது. மேலே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டுக் கீழே உள்ளதை மறந்தால் விடை நூறு மடங்கு பிசகும். எனவே படிப்படியாகச் செய்யுங்கள். 1,850 மைக்ரோ சீமென்ஸை ஆயிரத்தால் வகுத்தால் 1.85 மில்லி சீமென்ஸ், ஆகவே 1.85 மில்லி சீமென்ஸ்/செ.மீ. ஒரு மீட்டருக்குள் நூறு சென்டிமீட்டர் அடங்குவதால், ஒரு சென்டிமீட்டருக்கு 1.85 என்பது ஒரு மீட்டருக்கு 185 ஆகிறது. ஆகவே 185 மில்லி சீமென்ஸ்/மீ. ஒரு டெசி சீமென்ஸில் நூறு மில்லி சீமென்ஸ் இருப்பதால், 185ஐ நூறால் வகுத்தால் 1.85 டெசி சீமென்ஸ்/மீ. கீழே நூறு மடங்கு கூடியதை மேலே நூறு மடங்கு குறைத்துச் சரிக்கட்டிவிட்டோம். இதனால்தான் மில்லி சீமென்ஸ்/செ.மீ. என்றாலும் டெசி சீமென்ஸ்/மீ. என்றாலும் எண் மாறாமல் ஒன்றாகவே நிற்கிறது. சில ஆய்வகங்கள் மில்லி சீமென்ஸ்/மீ. என்ற அலகில் 185 என்றே அறிக்கை தருவதும் உண்டு என்பதால், எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அலகைப் பார்க்காமல் விடுவது இந்தச் சோதனையில் பெரிய ஆபத்து.

1.85க்கும் 1.9க்கும் உள்ள சிறு வேறுபாட்டை நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரு தசம இடத்துக்குச் சுருக்கி எழுதினாலே 1.85 அப்படி ஆகிவிடும். தவிர, மின் கடத்துதிறன் நீரின் வெப்பநிலையைப் பொறுத்து ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் மாறுவதால், அளவை 25 டிகிரி செல்சியஸுக்குத் திருத்தித்தான் தருவார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வகுத்த பாசன நீர் வழிகாட்டுதலில், 0.7 டெசி சீமென்ஸ்/மீ.க்குக் கீழே இருந்தால் உவர்ப்பால் தடையில்லை, 0.7 முதல் 3.0 வரை இலேசானது முதல் நடுத்தரமானது வரை கட்டுப்பாடு தேவை, 3.0க்கு மேல் கடுமையான கட்டுப்பாடு தேவை என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் நீர் நடுவகுப்பில் நிற்கிறது. உவர்ப்பைத் தாங்காத பயிர்களைத் தவிர்ப்பதும், வடிகால் வசதியைச் சரியாக வைத்துக்கொள்வதும் அவசியம். கரைந்துள்ள மொத்த உப்பைத் தோராயமாக அறிய, டெசி சீமென்ஸ்/மீ. அலகிலுள்ள எண்ணை 640ஆல் பெருக்குங்கள். லிட்டருக்கு 1,184 மில்லிகிராம் வரும். இந்தப் பெருக்கலை மைக்ரோ சீமென்ஸ் எண்ணின் மேல் செய்துவிட்டுப் பதறியவர்களும் உண்டு.

மண்ணில் துத்தநாகம் 0.48 பி.பி.எம். என்றால் பத்து லட்சம் பங்கு மண்ணில் 0.48 பங்கு என்று பொருள். ஒரு கிலோவில் பத்து லட்சம் மில்லிகிராம் இருப்பதால், ஒரு கிலோ மண்ணில் 0.48 மில்லிகிராம் என்று இதை நேரடியாகவே எழுதலாம். ஹெக்டேர் கணக்குக்கு வர, மண்ணின் எடை தெரிய வேண்டும். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், 15 செ.மீ. ஆழம் என்பது 0.15 மீட்டர், இரண்டையும் பெருக்கினால் 1,500 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் எடை என்று கொண்டு, மேல்மண்ணின் எடையை 22.4 லட்சம் கிலோ என்று வைத்துக்கொள்வது வழக்கம். 22.4 லட்சம் கிலோவை 0.48 மில்லிகிராமால் பெருக்கினால் சுமார் 10.75 லட்சம் மில்லிகிராம், அதாவது 1.075 கிலோ. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது, பி.பி.எம். எண்ணை 2.24ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்குக் கிலோ கிடைக்கும் என்பதுதான். மண் மிக இலேசானதாகவோ, மாதிரி வேறு ஆழத்தில் எடுக்கப்பட்டதாகவோ இருந்தால் இந்த 2.24 பொருந்தாது.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கை. நீளத்துக்கு நூறு என்றிருக்கும் மடங்கு, பரப்புக்கு வரும்போது நூறின் நூறாகிவிடும். ஒரு மீட்டரில் 100 சென்டிமீட்டர். ஆனால் ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர், ஒரு கன மீட்டரில் பத்து லட்சம் கன சென்டிமீட்டர். நாற்றங்கால் போன்ற சிறு பரப்புகளில் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது. ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் என்ற பரிந்துரையை 40 சதுர மீட்டர் நாற்றங்காலுக்கு மாற்ற வேண்டுமானால், 25,000 கிராமை 10,000 சதுர மீட்டரால் வகுத்து, சதுர மீட்டருக்கு 2.5 கிராம் என்று முதலில் கொண்டுவாருங்கள். 40 சதுர மீட்டருக்கு 100 கிராம் ஆகிறது. ஜிங்க் சல்பேட்டின் எடையும் துத்தநாகத்தின் எடையும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட சாதாரண வகையில் துத்தநாகம் சுமார் 21 சதவீதமே. ஆகவே 0.5 சதவீத இலைவழித் தெளிப்பு என்பது லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட், அதாவது ஜிங்க் சல்பேட்டின் கணக்கில் 5,000 பி.பி.எம்.; துத்தநாகத்தின் கணக்கில் ஏறத்தாழ 1,050 பி.பி.எம். மட்டுமே.

ஜிப்ரலிக் அமிலக் கணக்கு எளிது. தெளிப்பு நீர் போன்ற நீர்த்த கரைசலில் ஒரு பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். 50ஐ 15ஆல் பெருக்கினால் 750 மில்லிகிராம், அதாவது 0.75 கிராம். ஆனால் கிராமுக்குக் கீழே காட்டாத தராசில் இந்த எடையை நம்பி நிறுக்க முடியாது. தாய்க்கரைசல், அதாவது பிறகு நீர்த்துக்கொள்வதற்கான அடர்கரைசல், தயாரிப்பதே சரியான வழி. தூய பொருள் 1 கிராமை, நேரடியாக நீரில் எளிதில் கரையாததால் முதலில் சிறிதளவு ஆல்கஹாலில் கரைத்து, பிறகு நீர் சேர்த்துச் சரியாக 1 லிட்டராக்கினால், ஒரு மி.லி.யில் 1 மில்லிகிராம் இருக்கும். அதிலிருந்து 750 மி.லி. எடுத்துத் தெளிப்பானில் ஊற்றி, மொத்தம் 15 லிட்டர் ஆகும்வரை நீர் நிரப்புங்கள். தூள் 90 சதவீதத் தூய்மை என்று போட்டிருந்தால், 1 கிராம் தூளில் 900 மில்லிகிராம்தான் இருக்கிறது. அப்போது 1 லிட்டருக்குப் பதிலாக 900 மி.லி.க்குக் கொண்டுவந்தால் அதே ஒரு மி.லி.க்கு 1 மில்லிகிராம் கிடைத்துவிடும். எந்தப் பயிரின் எந்தப் பருவத்தில் 50 பி.பி.எம். பொருந்தும் என்பதை அந்தப் பயிருக்கான பரிந்துரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்ச்சி ஊக்கிகளில் அளவு கூடினால் விளைவு தலைகீழாகக்கூடும்.

ஆங்கிலக் குறியீடுகளைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். சிறிய எழுத்து 'எம்' மில்லியைக் குறிக்கிறது, பெரிய எழுத்து 'எம்' மெகாவைக் குறிக்கிறது. இரண்டுக்கும் இடையே 100 கோடி மடங்கு வேறுபாடு. மைக்ரோவுக்கு உரிய கிரேக்க எழுத்தான 'மியூ' அச்சில் சிறிய எழுத்து 'யு' போலவே தெரியும். மருந்துக் குப்பிகளில் மைக்ரோகிராமை 'எம்சிஜி' என்றும் எழுதுவார்கள், அதை மில்லிகிராம் என்று படித்துவிடாதீர்கள். நீங்கள் எழுதும்போது .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள், ஏனெனில் மங்கிப்போன புள்ளி அரையை ஐந்தாக்கிவிடும். தீவன அறிக்கையில் அஃப்ளாடாக்சின் நச்சுக்குப் பி.பி.பி. (100 கோடியில் ஒரு பங்கு) என்ற அலகைக் கண்டால், அது கிலோவுக்கு மைக்ரோகிராம் என்று கொள்ளுங்கள், 20 பி.பி.பி. என்பது 0.02 பி.பி.எம்., ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம்.

அடுத்த நீர் மாதிரியை, கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் கோடைக் காலத்தில், மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகு எடுத்து, இந்த ஆண்டு சோதித்த ஆய்வகத்துக்கே அனுப்புங்கள். முந்தைய இரண்டு அறிக்கைகளின் எண்களையும் இன்றே டெசி சீமென்ஸ்/மீ. அலகுக்கு மாற்றி, மாதிரி எடுத்த மாதத்தோடு ஒரே தாளில் குறித்து வைத்துக்கொண்டால், உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.