14 வயதுப் பெண் எப்படி ஆண்களோடு கோல்ஃப் ஆடினாள்?

2004 ஜனவரியில் ஹவாயில் நடந்த சோனி ஓப்பன் என்ற ஆண்கள் கோல்ஃப் போட்டியில் மிஷெல் வீ என்ற அமெரிக்க வீராங்கனை ஆடியதைப் பற்றித்தான் இந்தக் கேள்வி. அவர் ஸ்பான்சர் அழைப்பில் போனார். அதாவது, தகுதிப் பட்டியலில் இல்லாத சிலரைப் போட்டி நடத்துபவர்களே ஆட அழைக்கலாம். ரயிலில் எல்லா இருக்கையும் நிரம்பினாலும் கோட்டா என்று சில இடங்கள் தனியே இருக்குமே, அதுபோல.

ஏன் அவரை? கூட்டம் வரும், டிவி பார்ப்பார்கள். வீ போட்டி நடந்த ஹொனலூலுவிலேயே பிறந்தவர் வேறு. ஆனால் அழைப்பு இடத்தைத்தான் தரும், ஸ்கோரைத் தராது. ஆண்கள் அடித்த அதே இடத்திலிருந்துதான் அவரும் பந்தை அடித்தார். முதல் நாள் 72, இரண்டாம் நாள் 68. மொத்தம் 140. கோல்ஃபில் எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது. இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியவர்களைக் கழித்துவிடுவார்கள், அதற்குப் பெயர் 'கட்'. வீ அதை ஒரே ஒரு அடியில் தவறவிட்டார். அந்த 68-ஐப் பார்த்த பிறகும் இதை வெறும் விளம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், பலர் நினைப்பதுபோல அவருக்காக எந்த விதியும் தளர்த்தப்படவில்லை: சோனி ஓப்பன் இடம்பெற்ற பிஜிஏ டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் பெண்கள் ஆடக்கூடாது என்ற விதியே கிடையாது.