அக்கி ஆறிய பின்னும் தொடரும் எரிச்சல்

வணக்கம். 71 வயதான தங்கள் தாயாருக்கு விலாவில் வந்த அக்கி ஆறி நான்கு மாதங்கள் ஆகியும், இரவிக்கை பட்டாலே எரிகிறது என்றும், மறுபடியும் அக்கி எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

சின்னம்மை வந்துபோன பின் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும் வைரஸ், முதுமையில் நோயெதிர்ப்பு ஆற்றல் தளரும்போது அக்கியாக விழித்து நரம்பையே புண்படுத்துவதால்தான், தோல் ஆறிய பிறகும் வலி நீடிக்கிறது. காவியால் எழுதுவது அந்த நரம்பை எட்டாது. சாதாரண வலி மாத்திரைகளுக்கும் இது பெரும்பாலும் அடங்குவதில்லை. கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகளை மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார். முதியவர்களுக்குத் தலைசுற்றல் வந்து விழ நேரிடலாம் என்பதால், அவருடைய சிறுநீரக நிலையையும் இப்போது உட்கொள்ளும் மருந்துகளையும் தவறாமல் சொல்லுங்கள். வயதானால் வலி இருக்கத்தான் செய்யும் என்று உறவினர்கள் சொல்வதைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். உறக்கமும் பசியும் கெட்டு அவர் ஒடுங்கிப்போவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தங்கள் தந்தையாருக்காகவும் ஒன்று: 50 வயதைக் கடந்தவர்களுக்கு அக்கி வராமல் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி இந்தியாவிலும் இரு தவணைகளாகப் போடப்படுகிறது. அதற்குள் கொப்புளம் தோன்றினால், வைரஸ் எதிர்ப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது.